ரைட்டா, லெஃப்டா

கூட்டேரிப்பட்டு ரோட்டு மேல் என் பஞ்சர் கடை. அதை ஒட்டினாற்போல் ஒரு கரும்பு ஜூஸ் வண்டி நிற்கும். அது ஜெசிந்தாவுடையது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற வண்டியெல்லாம் எங்கள் மூஞ்சிக்கு முன்னால்தான் போகும். டயர் போனவன் என்னிடம் வருவான். நான் டயரைக் கழற்றுகிற நேரத்தில் வெயில் தாங்காமல் அவளிடம் போய் ஜூஸ் குடிப்பான். எனக்கு வாய் நல்ல வாய் இல்லை. என்னிடம் முறைத்துக்கொண்டு போகிறவன் அவளிடம் ஒரு கிளாஸ் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு திரும்புவான். இப்படித்தான் ரெண்டு கடையும் ஓடுகிறது.

ஜெசிந்தாவுக்கு நாற்பது வயசு இருக்கும். புருஷன் சின்னதுரை லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி ஆந்திராவில்தான் இருப்பான். ஒரே பெண், விழுப்புரத்தில் ஆஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறது. ஜெசிந்தா மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். கடையிலும் கரும்பு போட்டுக்கொண்டே எதையாவது பாடிக்கொண்டிருப்பாள்.

அவள் கையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடை போட்ட புதிதில் சக்கை ஒன்று உருளையில் சிக்கிக்கொண்டது. மோட்டாரை நிறுத்தாமல் இடது கையால் இழுத்தாள். சக்கையோடு கையும் போனது. நான் ஓடிப் போய் நிறுத்தினேன். முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தப்பித்தன. மற்ற மூன்று விரலும் பாதிக்கு மேல் போய்க் குட்டையாகிவிட்டன. ஆறினதும் அதே மிஷினுக்கு முன்னால் வந்து நின்றாள். அழுது நான் பார்க்கவில்லை.

ஆனால் அதற்கப்புறம் அந்தக் கையை வெளியில் காட்டினதே கிடையாது. ஒன்று சேலைத் தலைப்புக்குள் இருக்கும், இல்லாவிட்டால் தோளில் போட்ட துண்டுக்குள் இருக்கும். கிளாஸ் நீட்டுவதும் காசு வாங்குவதும் சோத்தாங்கையில்தானே. பீச்சாங்கையில் நீட்டினால் நம் ஆட்கள் வாங்குவார்களா? அந்த வழக்கமே அவளுக்கு மறைப்பாகப் போயிற்று. வருஷக்கணக்காக ஜூஸ் குடிக்கிற டிரைவர்களுக்குக்கூட அவளுடைய இன்னொரு கை எப்படி இருக்கும் என்று தெரியாது. எனக்கும் என் சம்சாரம் அம்சாவுக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

போன பங்குனியில், மயிலத்தில் உத்திரக் கூட்டம் முடிந்த சமயம், சென்னைப் பிள்ளைகள் சிலர் திருச்சிக்குப் போகிற வழியில் பின் டயர் கிழிந்து என் கடைக்கு வந்தார்கள். போல்ட்டு துருப்பிடித்து அசைய மாட்டேன் என்றது. எனக்கு அந்த ஆத்திரம். அதில் ஒரு பொண்ணு காரிலிருந்து கிட்டாரை எடுத்துக்கொண்டு வந்து என் பழைய டயர் குவியல் மேல் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், பக்கத்தில் ஜூஸ் மிஷின் சத்தம் இல்லை. ஜெசிந்தா மோட்டாரை நிறுத்திவிட்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஜூஸுக்கு நின்ற ரெண்டு லாரிக்காரர்கள் அவளைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார்கள்.

கார் போனதும் என்னிடம் வந்தாள்.

"அந்தப் பொண்ணு பாடிக்கினே இருந்துச்சு, மூச்சு வாங்க நிறுத்துச்சு பாத்தீங்களாண்ணா? அப்பவும் கிட்டாரு போய்க்கினே இருந்துச்சு."

"அதுக்கின்னா?"

"நான் வூட்ல பாடறப்ப மூச்சு வாங்க நிறுத்துனா வூடே கம்முனு ஆயிடுதுண்ணா. அப்றம் பாடத் தோண மாட்டேங்குது."

ரேடியோ வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு நான் வேலையைப் பார்த்தேன். அவள் ரேடியோ வாங்கவில்லை.

மத்தியானத்தில் வியாபாரம் ஓய்கிற நேரமாகப் பார்த்து போனைக் கரும்புக் கட்டு மேல் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவாள். அதில் ஒருத்தர் தமிழிலேயே கிட்டார் சொல்லிக் கொடுப்பார். இவள் எதிரில் உட்கார்ந்து ஒரு முழுக் கரும்பை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, அவர் விரல் வைக்கிறாற்போல் விரல் வைப்பாள். அவர் எந்தப் பக்கம் அழுத்துகிறாரோ அந்தப் பக்கம் இவளும் அழுத்துவாள். சலூன் கண்ணாடியில் பார்க்கிறாற்போல. வலது கை விரல்கள் கரும்பு மேல் ஓடும். இடது கை துண்டுக்குள் இருந்தபடியே லேசாக ஆடும்.

"இதுல இடது கைக்கு வேலையே இல்லண்ணா. சும்மா தடவுனா போதும். அழுத்தறதெல்லாம் வலதுதான். ஆண்டவரு எனக்குன்னே செஞ்சி வச்சா மாதிரி இருக்குது" என்றாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

நானும் எட்டிப் பார்த்தேன். ஆமாம், அப்படித்தான் தெரிந்தது. அம்சாவும் பார்த்துவிட்டு ஆமாம் என்றாள். மூன்று பேருக்கும் சேர்த்து அவ்வளவுதான் அறிவு.

அதற்கப்புறம் எனக்குத் தினமும் பாடம்தான். கரன்ட்டில் போடுகிற கிட்டார் ஒன்று இருக்கிறதாம், அது வேண்டாமாம். வெறும் மரப்பெட்டியாக இருக்கிறதுதான் வேண்டுமாம், அதற்குப் பெயர் அகூஸ்டிக்காம். அதிலேயே இரும்புக் கம்பி ஒரு ஜாதி, நைலான் நரம்பு ஒரு ஜாதி. போனிலேயே ஆர்டர் போட்டால் வீட்டுக்கு வந்துவிடுமே என்று கேட்டேன். போட்டோ பார்த்து எப்படி வாங்குவது, சத்தம் கேட்க வேண்டாமா என்றாள்.

அம்சா விடுவாளா? "நான் போட்டோவப் பாத்துதான் இவரக் கட்டிக்கினேன். வந்தப்புறம்தான் சத்தம் கேட்டேன்" என்றாள். ரெண்டு பேரும் சிரித்தார்கள். நான் டியூபைத் தண்ணியில் அமுக்கிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என் குட்டியானை வண்டியிலேயே மூன்று பேரும் திண்டிவனம் போனோம். மேம்பாலத்தைத் தாண்டி ஒரு கடை. கிரிக்கெட் மட்டை, கேரம் போர்டு, தபேலா, கோயிலுக்கு வாங்குகிற டிரம்ஸ், எல்லாம் கலந்து கிடந்தது. பின்சுவரில் கிட்டார்கள் தொங்கின. சித்தார்த்தன் என்று ஒரு தம்பி கடையைப் பார்த்துக்கொண்டான். தாடி வைத்த ஒல்லிப் பையன், நன்றாக வாசிக்கிறவன்.

யாருக்கு என்று கேட்டான். இவளுக்குத்தான் என்றேன். "அக்காவுக்கா? பாப்பாவுக்குன்னு நெனச்சேன்" என்றான்.

"ஏன், பாப்பாவுக்கு மட்டும்தான் கை இருக்குதா?" என்று அம்சா போட்டாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜெசிந்தா தலைப்பை இன்னும் இழுத்து மூடினாள்.

அந்தத் தம்பி ஒரு கிட்டாரை எடுத்துக்கொண்டே, "ரைட்டுதானேக்கா?" என்று கேட்டான்.

"ரைட்டு, ரைட்டு" என்றாள் ஜெசிந்தா, கண்டக்டர் பஸ்ஸை எடுக்கச் சொல்கிறாற்போல.

மடியில் வைத்துப் பாருங்கள் என்று எவ்வளவோ சொன்னான். அவள் கைநீட்டவில்லை. நீங்களே வாசியுங்கள், நான் கேட்கிறேன் என்றாள். அவன் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தான். அதுவும் எங்களுக்குப் போனில் தெரிகிற மாதிரியேதான் தெரிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு ஒன்றைச் சொன்னாள். கறுப்பாகப் பளபளவென்று இருந்தது, கழுத்துக்கு அடியில் ஒரு பக்கம் யாரோ கடித்தாற்போல் வெட்டு. அந்த வெட்டு அழகாக இருக்கிறது என்று அம்சாவும் சேர்ந்துகொண்டாள். சத்தம் நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. தடிக்கம்பியைத் தட்டினால் கோயில் மணி மாதிரி நின்று கேட்டது.

வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகுதான் பேஜாரு ஆரம்பித்தது.

கரும்பில் பழகினாற்போலவே கழுத்து வலது பக்கம் வர மடியில் வைத்தால், அந்த வெட்டு மேலே வந்து மார்பில் இடித்தது. மேலே இருக்க வேண்டிய தடிக்கம்பி கீழே இருந்தது, கீழே இருக்க வேண்டிய மெல்லிசுக் கம்பி மேலே இருந்தது. போனில் சொன்ன இடத்தில் விரலை வைத்தால் வேறு எதுவோ சத்தம் வந்தது. ஒரு வாரம் போல மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, கடைக்காரன் கம்பியைத் தலைகீழாக மாட்டிக் கொடுத்துவிட்டான் போலிருக்கிறது என்றாள். அப்புறம் அவளே அதைத் திருப்பி, கழுத்து இடது பக்கம் வர வைத்துப் பார்த்தாள். கம்பி எல்லாம் சரியான இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அழுத்த வேண்டியது இப்போது இடது கை.

துண்டை எடுத்தாள். குட்டை விரல்களைக் கம்பி மேல் வைத்து அழுத்தினாள். கம்பி வழுக்கியது. தையல் போட்ட தோல் சிவந்துபோய்விட்டது. திரும்பவும் வைத்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"அவ்ளோதாண்ணா. இது இந்தக் கைக்கு இல்ல" என்றாள்.

கிட்டாரை ஒரு கோணியில் சுற்றி வண்டிக்கு அடியில் வைத்துவிட்டாள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பாடுவதையும் நிறுத்திவிட்டாள். மிஷின் ஓடும், கிளாஸ் கழுவுகிற சத்தம் கேட்கும், வேறு சத்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் குழுவிலும் நிற்கவில்லையாம், அம்சா கேள்விப்பட்டு வந்து சொன்னாள். கிட்டார் போனால் போகிறது, இருந்த பாட்டும் போய்விட்டதே என்று எனக்கு எரிச்சல். எனக்கு எரிச்சல் வந்தால் சும்மா இருக்கத் தெரியாது. கிட்டாரைக் கோணியோடு தூக்கி என் குட்டியானையில் போட்டேன்.

"ஏறு. திண்டிவனம் போறோம்."

"திருப்பி எடுத்துக்கினா குடுத்துட்டு வந்துடுங்கண்ணா. நான் வரல."

"வாங்குனது நீ. நீயே வந்து பேசு. நான் தனியாப் போனா கைகலப்பு ஆயிடும்."

அம்சா அவளை முதுகில் கைவைத்து ஏற்றிவிட்டாள்.

கடையில் நான்தான் முதலில் கத்தினேன். தலைகீழாகக் கம்பி மாட்டி விற்கிறாயா என்று கேட்டேன். சித்தார்த்தன் கோணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு முழித்தான். கம்பி சரியாகத்தான் இருக்கிறது என்றான். எப்படிப் பிடிப்பது என்று தானே பிடித்துக் காட்டினான். இந்தத் தடவை அம்சா அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்று பார்த்தாள்.

"அடப்பாவி, இடது கையிலதான் அழுத்தறான்யா" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதிரில் உட்கார்ந்து பார்த்தால் அவன் இடது நமக்கு வலது. இவ்வளவு நாள் அதைப் பார்த்துவிட்டு மூன்று பேரும் தலையாட்டியிருக்கிறோம்.

"நான் ரைட்டான்னு கேட்டனேக்கா. ரைட்டுன்னா வலது கையால மீட்டறது. நீங்க ரைட்டுன்னீங்களே?"

"அழுத்தற கையக் கேக்கறீங்கன்னு நெனச்சேன் தம்பி" என்றாள் ஜெசிந்தா.

அவனுக்குக் கோபமில்லை. குழப்பம்தான். வலது கையால் சாப்பிடுகிறவர்கள், எழுதுகிறவர்கள் எல்லாரும் இப்படித்தானே வாசிக்கிறார்கள், பழகினால் வந்துவிடும் என்றான். அப்புறம் கேட்டான்:

"இடது கையில அழுத்தறதுக்கு இன்னாக்கா கஷ்டம்?"

கடையில் இன்னொரு அம்மா, சித்தாமூர் பக்கம் என்று நினைக்கிறேன், பிள்ளைக்கு ஷட்டில் மட்டை வாங்கிக்கொண்டிருந்தது. அதுவும் திரும்பிப் பார்த்தது. பதில் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். திறந்தவன் மூடிக்கொண்டேன். அது நான் சொல்லுகிற சங்கதி இல்லை. ஒன்றுமில்லை தம்பி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா வெளியே போயிருக்கலாம். போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். கால் வாசல் பக்கம் திரும்பிவிட்டது.

அப்புறம் திரும்பி வந்தாள். தலைப்பிலிருந்து கையை எடுத்து அந்தக் கண்ணாடி மேசை மேல் வைத்தாள்.

"இதுல அழுத்த வரல தம்பி."

அய்யோ பாவம் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அந்தக் கடைக்கு மட்டுமல்ல, இனி எந்தக் கடைக்கும் கிட்டார் கேட்டுப் போயிருக்க மாட்டாள். அவன் சொல்லவில்லை. குனிந்து பார்த்தான். டயரில் எங்கே ஓட்டை என்று நான் பார்க்கிறாற்போல் பார்த்தான். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நன்றாக மடங்குகிறதா என்று கேட்டான். டப்பாவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சில்லை எடுத்து, இதைப் பிடியுங்கள் என்று கொடுத்தான். கம்பியை மீட்டுகிற சில்லு அது. அவள் ரெண்டு விரலில் பிடித்தாள். அவன் பிடுங்கப் பார்த்தான், வரவில்லை. இன்னும் இழுத்தான். வரவில்லை.

"விடுங்கக்கா, ஒடஞ்சிடப் போவுது" என்று சிரித்தான். "மீட்டறதுக்கு இந்த ரெண்டு விரலு போதும். நீங்க லெஃப்டு. இத மொதல்லயே காட்டியிருந்தா நான் அந்தக் கறுப்பக் குடுத்தே இருக்க மாட்டேன்."

ஷட்டில் மட்டை அம்மா சும்மா இருக்கவில்லை. "பீச்சாங்கையிலயா வாசிப்பாங்க? சாமி பாட்டுன்னா இன்னா பண்ணுவீங்க?" என்றது.

"சோறு அள்ளிப் போடறதுக்கில்லீங்க. பாட்டுக்குத்தான்" என்றாள் ஜெசிந்தா. கையை மேசையிலிருந்து எடுக்கவில்லை.

சித்தார்த்தன் விவரமாகச் சொன்னான். லெஃப்டுக்கென்றே செய்த கிட்டார் சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும், வந்து இறங்குகிற வரைக்கும் கையில் பிடித்துப் பார்க்க முடியாது. இன்னொரு வழி, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைந்த சாதா கிட்டாராக எடுத்துக் கம்பியை மாற்றி மாட்டுவது. கம்பி உட்காருகிற மேல் கட்டையில் காடி வெட்டியிருக்கும், தடிக்கம்பிக்கு ஒரு அளவு, மெல்லிசுக்கு ஒரு அளவு. அதை மட்டும் அரத்தால் புதிதாக ராவிப் போட வேண்டும். கீழ்க்கட்டை கொஞ்சம் சாய்வாக இருக்கும், அதனால் கழுத்தில் ரொம்ப உள்ளே தள்ளிப் பிடித்தால் சுருதி இத்தனூண்டு பிசகும். ஆரம்பத்துக்கு அது தெரியாது, கை தேறினப்புறம் நல்ல லெஃப்டு வாங்கிக்கொள்ளலாம் என்றான். வெட்டு வைத்த கறுப்பு இதற்கு ஆகாது, மாற்றித் தருகிறேன் என்றான். நான் கத்தினதை நினைத்து எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. வெளியே போய் வண்டி டயரை ஒரு தடவை எட்டி உதைத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

அப்புறம் திரும்பவும் தேர்வு. சித்தார்த்தன் ஒன்றை எடுத்து வாசிக்கப் போனான். ஜெசிந்தா தடுத்துவிட்டாள்.

"நீங்க வாசிக்காதீங்க தம்பி. நீங்க வாசிச்சா எல்லாமே நல்லாத்தான் இருக்கும். எங்கிட்ட குடுங்க."

பெரிய வயிறு வைத்த ஒன்றை மடியில் வைத்தாள். அதைச் சுற்றிக் கையைப் போடுவதற்குள் தோள் காது வரைக்கும் ஏறிவிட்டது. இறக்கி வைத்தாள். நைலான் நரம்பு போட்டது விரலுக்கு மெத்தென்று இருந்ததாம், அழுத்தினால் வலியே இல்லையாம். அதையே எடு என்றேன். ஆனால் அதற்குக் கழுத்து அகலம், அவள் விரல் கடைசி நரம்பு வரைக்கும் எட்டவில்லை. மனசில்லாமல்தான் திருப்பிக் கொடுத்தாள். மூன்றாவதாக ஒரு சின்ன உடம்புக்காரக் கிட்டார், மெல்லிசு இரும்புக் கம்பி. சாயம் பூசாத வெறும் மர நிறம். மடியில் வைத்ததும் அவள் குனியவும் இல்லை, தோளும் ஏறவில்லை. வலது கை கழுத்தைச் சுற்றிப் போய் நின்றது. இடது கையால் ஒரு கம்பியைத் தட்டினாள். கறுப்புக் கிட்டார் மாதிரி மணியாக இல்லை, கொஞ்சம் தகரம்தான். திரும்பவும் தட்டினாள். எங்களை யாரையும் பார்க்கவில்லை.

"இதுதான்" என்றாள்.

"இதா? அருவாமணைப் பலகை மாதிரி இருக்குது" என்றாள் அம்சா.

"இருக்கட்டும் அண்ணி. மடியில உக்காருது பாருங்க."

காடி ராவிக் கம்பி மாற்றி வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றான் அந்தத் தம்பி. வெள்ளிக்கிழமை அவளே பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தாள்.

துண்டுக்குள் கையை வைத்துக்கொண்டு கிட்டார் மீட்ட முடியாது. அதனால் துண்டு இப்போது மிஷின் மேல் கிடக்கிறது. அனந்தபுரத்துக்காரர் தாண்டவராயன் என்று ஒரு டிரைவர், மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டை ஏற்றிப் போகிறவர், எங்கள் பழைய வாடிக்கை. அவர்தான் முதலில் பார்த்தார். கையில் என்ன என்று கேட்டார். மிஷினில் போய்விட்டது என்றாள். எப்போது என்று கேட்டார். நீங்கள் இங்கே ஜூஸ் குடிக்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே என்றாள். மனுஷன் கையிலிருந்த கிளாஸைக் குடித்து முடித்தார். இன்னொரு கிளாஸ் கேட்டார். வேறு சிலர் முகத்தைச் சுளித்தவர்களும் உண்டு. பொய் சொல்லக்கூடாது. அவர்களுக்கும் ஜூஸ் கொடுத்துத்தான் அனுப்பினாள்.

இப்போது அவளுக்கு வேறு கஷ்டம். இத்தனை வருஷம் நன்றாக இருந்த வலது கை விரல் நுனியெல்லாம் இரும்புக் கம்பி அறுத்துப் புண்ணாகிவிட்டது. எலுமிச்சம்பழம் பிழியும்போது எரிகிறதாம். நல்ல கையையும் கெடுத்துக்கொண்டாய் என்று திட்டுகிறேன். காய்த்துப்போனால் வலிக்காதாம், போனில் சொன்னார்களாம். போனில் சொல்வதை எதிரில் உட்கார்ந்து கேட்காதே என்கிறாள் அம்சா.

முந்தாநாள் சின்னதுரை ஆந்திராவிலிருந்து வந்தான். என் டயர் குவியல் மேல் அவனை உட்கார வைத்துவிட்டு, ஜெசிந்தா ஸ்டூலில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்தாள். எனக்குக் காற்றுப் பிடிக்கிற மிஷினை நிறுத்தச் சொல்லி உத்தரவு. நிறுத்தினேன். மாதா பாட்டு ஒன்றை மெதுவாகப் பாடினாள். இடது கை மேலும் கீழுமாகப் போனது. முதல் அடி பாடி மூச்சு வாங்க நிறுத்தினாள். கிட்டாரும் நின்றுவிட்டது. அடுத்த பிடிக்கு விரல் இன்னும் போய்ச் சேரவில்லை. ஒரு விரல் உட்கார்ந்தது, இன்னொன்று கம்பியைத் தேடிக்கொண்டிருந்தது.

"அப்றம்?" என்றான் சின்னதுரை.

"இரு. விரலு வந்துக்கினு இருக்குது."

அந்த நேரம் பார்த்து ஒரு கார்க்காரன் வந்து நின்று ஆரன் அடித்தான். அண்ணே, காத்துப் புடிக்கணும், ஜல்தி என்றான்.

"கொஞ்சம் இருய்யா" என்றேன்.